பெருவிரல் படும் இடம்

நாற்பத்தொரு பெயர்கள் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மகேஷில் ஆரம்பித்து வெங்கடரமணனில் முடியும். பக்தியால் மனப்பாடமானது இல்லை. பயத்தால் ஆனது.

அந்த வீடியோ கேம் செட்டுக்கு 'சூப்பர் ராஜாளி' என்று பெயர். இப்போது பழைய சாமான் சேர்க்கிற பையன்கள் கடைக்கு வந்து, "ஆண்ட்டி, அந்த செட்டோட ஹிஸ்டரி தெரியுமா?" என்று கேட்கிறார்கள். தெரியாமல் என்ன? ஜப்பான்காரன் சிவப்பும் வெள்ளையுமாக ஒன்று செய்தான். அதைப் பார்த்துத் தைவான்காரன் ஒன்று செய்தான். அதன் உள்ளே இருக்கும் பச்சை போர்டு மட்டும் பெட்டி பெட்டியாகக் கப்பலேறி வந்தது. மேல்மூடி ஒரு ஊரில் வார்த்தார்கள், ஜாய்ஸ்டிக் வேறொரு ஊரிலிருந்து வந்தது, அட்டைப்பெட்டி சிவகாசியில் அச்சடித்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டி, மேலே ஒரு ராஜாளி ஸ்டிக்கரை ஒட்டி, தி. நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு எவர்சில்வர் பாத்திரக் கடையில் வைத்து விற்றது நான். இவ்வளவுதான் அந்தப் பையன்களிடம் சொல்வேன். மீதியை யாரிடமும் சொன்னதில்லை.

என் பெயர் தங்கம். திருச்செந்தூர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மெட்ராஸுக்கு வந்தவள். பாத்திரக் கடை என் வீட்டுக்காரர் ஜவஹருடையது. அவர் வாய் திறந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் நான் நாற்பது பேசிவிடுவேன். வாய் மட்டும் இல்லாவிட்டால் இவளை நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று எங்கள் அம்மாவே சொல்வாள். கேட்டு வந்தவர் யாரையும் நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அது என் பெருமை. அதுதான் என் கேடும்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் கோடை லீவில் என் தம்பி சிங்கப்பூரிலிருந்து என் மகள் தாரணிக்கு ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தான். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டு டிவி முன்னால்தான் கிடந்தார்கள். ஒரு குட்டி மனுஷன் ஓடுவான், தாவுவான், குழியில் விழுவான். விழுந்தால் ஒரு சோகப் பாட்டு வரும், மறுபடி எழுந்து ஓடுவான். எனக்கு உடனே மூளை வேலை செய்தது. ஜூன் மாதம் கடையில் ஒரு மூலையை ஒதுக்கி, போர்டுகளை வரவழைத்து, செட் பூட்ட ஆரம்பித்தேன்.

மற்ற கடைக்காரர்களும் இதே சாமானை விற்றார்கள். என் கடையில் மட்டும் ஒரு விசேஷம். பாத்திரக் கடைக்காரி இல்லையா? எங்கள் கடையில் எந்தப் பாத்திரம் வாங்கினாலும் வாசலில் உட்கார்ந்திருக்கும் கஃபார் பாய் அதில் பெயர் வெட்டிக் கொடுப்பார். அப்துல் கஃபார் என்று முழுப் பெயர். கையில் மின்சார ஊசியைப் பிடித்துக்கொண்டு 'டர்ர்ர்' என்று முத்து முத்தாக எழுதுவார். டம்ளருக்குப் பெயர் வெட்டலாம் என்றால் வீடியோ கேமுக்கு ஏன் வெட்டக் கூடாது? ஜாய்ஸ்டிக்கின் மேல் ஒரு சின்ன எவர்சில்வர் தகடு, அதில் பிள்ளையின் பெயர், இரண்டு பக்கமும் திருகாணி. பிடித்து விளையாடும்போது பெருவிரல் தானாகவே அந்தத் தகட்டின் மேல் போய் உட்காரும். முதல் தகடு தாரணியின் செட்டுக்குத்தான் போட்டோம். அதைப் பார்த்த பிள்ளைகள் ஒவ்வொன்றும் தரையில் புரண்டு அழுது அப்பா அம்மாவை என் கடைக்கு இழுத்து வந்தார்கள்.

ஒரு குறைதான். வந்த போர்டுகளுக்கு அடாப்டர் கிடையாது. கரண்டில் செருகும் அந்தக் கறுப்புப் பெட்டி. தாரணியின் செட்டோடு சிங்கப்பூரிலிருந்து வந்தது கல் மாதிரி கனக்கும். அவள் அதில் என் நகப்பாலிஷை எடுத்துச் சிவப்பாக ஒரு பூ வரைந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடைக்கு உள்ளூரில் ஒருத்தன் அடாப்டர் செய்து தந்தான். அது கையில் இருப்பதே தெரியாது. "என்னய்யா, உள்ளே ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டேன். "புது டெக்னிக்கா, எடை எதுக்கு?" என்றான். எடை பார்த்துப் பாத்திரம் வாங்கி எடை பார்த்து விற்கிற குடும்பம் எங்களுடையது. அந்த ஒரு சாமானை மட்டும் நான் எடை பார்க்காமல் வாங்கினேன்.

நவராத்திரி ஆறாம் நாள். கடையில் நிற்க இடமில்லை. கொலுவுக்கு வைத்துக் கொடுக்கக் கிண்ணம் வாங்கும் மாமிகள் கூட்டம். அதைப் பிளந்துகொண்டு மேற்கு மாம்பலம் சுந்தரராமன் சார் வந்தார். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் வாத்தியார். ஒரு மஞ்சள் பையைக் கொட்டினார். அவருடைய மகள் ஷ்ரேயாவின் பெயர் வெட்டிய ஜாய்ஸ்டிக் மேஜையில் விழுந்தது.

"குழந்தையைக் கரண்ட் தூக்கி எறிஞ்சுடுத்து" என்றார். "நான் ஆத்துல இருந்தேன், உடனே மெயினை அணைச்சேன். ஒரு நிமிஷம் லேட்டாயிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? பெருவிரல் வெந்து போயிருக்கு."

மாமிகளை அப்படியே விட்டுவிட்டு நான் மேஜைக்கு வந்தேன்.

அவர் அடாப்டரைப் பிளந்து காட்டினார். "தூக்கிப் பாருங்கோ. பொரி உருண்டையாட்டம் இருக்கு. உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மரே இல்லை. கரண்ட் நேரா செட்டுக்கு வரது. உங்க பேர்த் தகட்டோட திருகாணி உள்ளே போர்டைத் தொடறது. தகடு முழுக்க கரண்ட்."

"ஆனா மூணு மாசமா எல்லாப் பிள்ளையும் விளையாடுதே சார்?"

"அதான் கொடுமை. ரெண்டு முள்ளு பிளக். ஒரு பக்கமா செருகினா ஒண்ணும் ஆகாது. திருப்பிச் செருகினா சாவு. எங்காத்துல இத்தனை நாளா நல்ல பக்கமா இருந்துது. நேத்திக்குக் கொலுவுக்கு சீரியல் லைட் போடப் பிளக்கை எடுத்தா என் வைஃப். திரும்ப மாட்டறச்சே மாத்தி மாட்டிட்டா."

சொல்லிவிட்டு டெஸ்டரை எடுத்தார். என் கடை பிளக்கில் செட்டைச் செருகி, ஷ்ரேயா என்ற பெயரின் மேல் டெஸ்டரின் முனையை வைத்தார். ஒன்றுமில்லை. பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகினார். மறுபடி வைத்தார். டெஸ்டருக்குள் இருந்த சின்ன விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது.

"இன்னும் எத்தனை பேருக்கு வித்தேள்?" என்றார்.

நாற்பது பேருக்கு. நாற்பது பிள்ளைகளின் பெருவிரலுக்குக் கீழே நானே தகடு வைத்துக் கொடுத்திருந்தேன். அதில் பெயர் வேறு வெட்டிக் கொடுத்திருந்தேன்.

அவர் போலீஸுக்குப் போகவில்லை. "போனா உங்களைப் பிடிச்சு உள்ளே போடுவா. அந்தக் குழந்தைகளை யார் தேடுவா? சரஸ்வதி பூஜைக்குள்ள எல்லாத்தையும் வாங்குங்கோ" என்றார். "ஏன்னா அன்னிக்கு எல்லாரும் இதையும் பூஜையில வைப்பா. மறுநாள் விஜயதசமி. எல்லா ஆத்துலயும் எடுத்து, புதுசா செருகுவா."

எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. பூஜையில் வைத்த பொருளை அன்று யாரும் தொட மாட்டார்கள். அந்த ஒரு நாள் பிள்ளைகளுக்குக் காவல். விடிந்ததும் புனர்பூஜை முடித்து, புத்தகத்தில் நாலு வரி படிக்க வைத்து, வீணை இருந்தால் மீட்ட வைத்து, இதையும் எடுத்துக் கையில் கொடுப்பார்கள். ஈரச் சந்தனம் பூசிய செட்டை. கழுவி விட்ட தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம். பிளக்கை எந்தப் பக்கம் செருகுவார்களோ, யார் கண்டது?

விலாசம் எங்களிடம் கிடையாது. இருந்தது ஒரு பிஸ்கெட் டின். பெயர் வெட்டக் கொடுக்கிறவர்கள் துண்டுச் சீட்டில் பெயரை எழுதித் தருவார்கள். பிறகு வந்து "எழுத்து தப்பு" என்று சண்டை போடுவார்கள் என்பதற்காகக் கஃபார் பாய் எல்லாச் சீட்டையும் பத்திரப்படுத்துவார். மேஜையில் பரப்பினோம். ஷ்ரேயா சீட்டை எடுத்து ஓரமாக வைத்தேன். நாற்பது சீட்டு மிச்சம்.

"இன்னாக்கா இது, வெறும் பேரு கீது" என்றார் பாய். முகம் வெளுத்திருந்தது. துளை போட்டுத் திருகாணி முடுக்கியது அவர் கை.

"பேரு இருக்குல்லா பாய். பேரை வச்சே பிடிப்போம். வாங்க."

பாதிப் பேர் பாத்திரத்துக்கும் எங்களிடமே வருகிறவர்கள். அவர்களைப் பிடிப்பது சிரமமாக இல்லை. மீதிப் பேருக்குப் பள்ளிக்கூட வாசல், டியூஷன் வீடு, கேபிள் டிவி ஆபீஸ் என்று அலைந்தோம். கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, ஆட்டோவில் பாயும் நானும் மந்தைவெளி, அடையாறு, சாந்தோம், திருவான்மியூர் என்று மூன்று நாள் சுற்றினோம். தாரணி பயந்துவிடுவாள் என்று அவளிடம் மூச்சுவிடவில்லை. ஆர்டர் விஷயம் என்றேன்.

ஒவ்வொரு வீட்டிலும் செய்தது ஒன்றேதான். முதலில் மெயின் ஸ்விட்ச். அப்புறம் அடாப்டர் என் பைக்குள். பாய் தகட்டைக் கழற்றுவார். கடைசியாக நான் அந்தப் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து கேட்பேன், "கண்ணு, இது எப்பவாவது சுருக்குனு கடிச்சுதா?"

சில பிள்ளைகள் இல்லை என்றன. சில பிள்ளைகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தன. அந்தப் பார்வையிலேயே எனக்குப் பதில் தெரிந்துவிடும்.

மந்தைவெளியில் விசாலாக்ஷி என்று ஒரு அம்மா. அவள் மகன் மகேஷ் தலையை ஆட்டினான். "கடிக்கும் ஆண்ட்டி. அம்மாகிட்ட சொன்னேன்."

"அவன் கிடக்கான், ஹோம்வொர்க் பண்ணச் சொன்னா கை வலிக்கும், கால் வலிக்கும், கேம் கடிக்கும்னு எதையாவது சொல்வான்" என்று சிரித்தாள் விசாலாக்ஷி.

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ. "சிரிக்கீங்களா? பிள்ளை வாய் திறந்து சொன்னா காது குடுத்துக் கேக்க மாட்டீங்களா? பெத்தவதானே நீங்க? அப்புறம் காதுல எதுக்கு அந்த வைரத்தோடு?" என்று கத்தினேன். செய்ததெல்லாம் செய்துவிட்டு அவளைத் திட்டினேன். பாய் என் முந்தானையைப் பிடிக்காத குறையாக வெளியே கூட்டி வந்தார்.

திருவான்மியூரில் கைசர் ஜஹான் என்கிற அம்மா கதவைத் திறக்கும்போதே உள்ளே அந்தக் குட்டி மனுஷன் ஓடும் சங்கீதம் கேட்டது. அந்த வீட்டில் பூஜை கிடையாது, ஒரு நாள் காவலும் கிடையாது. நான் செருப்போடு உள்ளே ஓடி ஸ்விட்சை அணைத்தேன். பையன் ஓவென்று அழுதான். டெஸ்டரை வைத்துப் பார்த்தோம். நல்ல பக்கம்தான் செருகியிருந்தார்கள். அவன் அழுவது எனக்குக் கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அழட்டும் ராசா, நன்றாக அழட்டும்.

சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் என் பையில் அடாப்டர்கள் குலுங்கின. ஷ்ரேயாவுடையதோடு சேர்த்து நாற்பது. டின்னில் ஒரே ஒரு சீட்டு மிச்சம். நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து: வெங்கடரமணன்.

அந்தப் பெயர் அதிகம் புழங்குகிற இடம் என்று மயிலாப்பூருக்குப் போனோம். அங்கே அந்தப் பெயரில் ஒரு பையனைத் தேடுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாட வீதிகளில் வீடு வீடாகக் கேட்டோம். குளத்தங்கரையில் பூ விற்கிறவளைக் கேட்டோம். நாலு வெங்கடரமணன்களைப் பிடித்தோம். ஒருவனுக்கு ஒன்றரை வயது. ஒருவன் வீட்டில் டிவியே இல்லை. எந்த வீட்டிலும் ராஜாளி இல்லை. எட்டிப் பார்த்த வீடுகளிலெல்லாம் கொலுப்படிக்குப் பக்கத்தில் புத்தகங்கள் அடுக்கிப் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. எந்தத் துணிக்கடியில் இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து நானும் பூஜை போட்டேன். தாரணியின் புத்தகங்கள், என் தையல் மெஷின், கடைத் தராசு. அவளுடைய செட்டையும் பீரோ மேலிருந்து எடுத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். ஒரு மாதமாக அவள் அதைத் தொடவில்லை. பிள்ளைக்குப் படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்று நான் அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் பூஜை முடிந்து, அவளைப் புத்தகத்தில் நாலு வரி படிக்க வைத்தேன். "கேமையும் எடுத்து ஒரு ஆட்டம் ஆடிட்டு வையி" என்றேன்.

"வேண்டாம்மா."

"ஏட்டி, சாமிகிட்ட வச்ச பொருளைத் தொடாம விடக் கூடாது. ஊரெல்லாம் இதுக்கு ஏங்குது. உனக்கு மாமன் சிங்கப்பூர்லருந்து கொண்டாந்து குடுத்தா அருமை தெரியல. ஒழுங்கா எடுத்து ஆடு."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு நின்று பேச நேரமில்லை. ஊரில் எங்கேயோ ஒரு வெங்கடரமணன் அந்நேரம் பட்டுத்துணியை விலக்கிக்கொண்டிருந்தான். என் வீட்டு செட்டாவது பயமில்லாமல் ஓடட்டும் என்று நினைத்தபடி கடைக்கு ஓடினேன். வீட்டுக்காரர் ஏற்கெனவே கடை திறக்கப் போயிருந்தார்.

கடை வாசலில் கஃபார் பாய் ஒரு குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். கல்யாணப் பரிசு. என்னைப் பார்த்ததும் ஊசியை அப்படியே நிறுத்தினார்.

"அக்கா, இந்த விளக்குல யாரு பேரை வெட்டிக்கினு கீறேன்?"

"யாரு பேரை?"

"பொண்ணு பேரா? மாப்ள பேரா? குடுக்கிறவன் பேருக்கா! பரிசுன்னா குடுக்கிறவன் பேரைத்தானே வெட்டுவாங்க. அந்த வெங்கடரமணன் பையனே இல்லக்கா. எவனோ பெரிய ஆளு. எந்தக் கொழந்தைக்கோ பரிசு வாங்கிக் குடுத்துக்கீறான்!"

தலையில் அடித்துக்கொண்டேன். மூன்று நாளாகப் பிள்ளையின் பெயரென்றே நினைத்துத் தேடிக்கொண்டிருந்தோம். பாத்திரம் வாங்கிப் பழகிய மனுஷன் பாத்திரத்துக்குச் சொல்வது மாதிரி தன் பெயரையே எழுதிக் கொடுத்திருக்கிறார். பாத்திரக் கடைக்காரி எனக்கே அது தோன்றவில்லை.

வீட்டுக்காரர் உள்ளேயிருந்து நிதானமாகச் சொன்னார். "அடையாறு பேங்க் ஆபீசர் வெங்கடரமணன். தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் நம்மகிட்டதான் எடுத்தாரு."

போன் நம்பர் இருந்தது. போட்டேன். அவரே எடுத்தார். "ஆமாம்மா, ஜூலையில தங்கை பொண்ணு ஹம்சா பர்த்டேக்கு வாங்கினேன். மயிலாப்பூர், தெற்கு மாட வீதிக்குப் பின்னாடி சந்து. ஏன்?" சொன்னேன். அந்தப் பக்கம் நாற்காலி விழும் சத்தம் கேட்டது. "நான் அங்கே போன் போடறேன்" என்றார். இரண்டு நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார். "மணி அடிக்கிறது. யாரும் எடுக்கலை."

ஆட்டோ கிடைத்தது. "நைனா, மயிலாப்பூர். எவ்ளோ வேகமாப் போவியோ போ" என்று பாய் ஏறினார். லஸ் முனையில் திருவிழாக் கூட்டம். வாழைக்கன்று கட்டிய பஸ்கள், மாலை போட்ட லாரிகள், சாலை நடுவில் உடைத்த பூசணிக்காய்கள். ஆட்டோ நகரவே இல்லை. "இன்னாமா பண்றது, பறந்தா போறது?" என்று டிரைவர் கத்தினான். நான் இறங்கி ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இந்த உடம்பை வைத்துக்கொண்டு, கபாலி கோயில் குளத்தைச் சுற்றி ஓடினேன். கபாலீ, அந்தப் பிள்ளையை எனக்குக் கொடுத்துவிடு, ஆயுசுக்கும் வேறெதுவும் கேட்க மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். பாய் இரைக்க இரைக்கப் பின்னால் வந்தார்.

சந்துக்குள் திரும்பியதும் அந்தச் சங்கீதம் கேட்டது.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் டிவிக்கு முன்னால் பட்டுப்பாவாடை கட்டிய பெண் குழந்தை, ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஜாய்ஸ்டிக். பெருவிரல் தகட்டின் மேல். நேராகப் போய் ஸ்விட்சைத் தட்டினேன். டிவி இரைந்தது. குழந்தை திரும்பி, "யார் மாமி நீங்க?" என்றாள். உயிரோடு இருந்தாள். அங்கேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

அவள் அம்மா நீரஜா கொல்லையிலிருந்து ஓடி வந்தாள். "போன் அடிச்சுண்டே இருந்தது, நான் குளிச்சுண்டிருந்தேன், இவளை எடுக்கச் சொன்னா கேமை விட்டு எழுந்தாத்தானே" என்றாள். பாய் விஷயத்தைச் சொன்னார். அவள் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள். நான் வழக்கம்போலக் கேட்டேன், "கண்ணு, இது எப்பவாவது கடிச்சுதா?"

"இல்லையே. ஒரு தடவை கூட இல்லை."

நல்ல பக்கம்தான் செருகியிருந்தார்கள் போல. டெஸ்டரை எடுத்தேன். ஸ்விட்சைப் போட்டுத் தகட்டில் வைத்தேன். எரியவில்லை. பிளக்கைத் திருப்பிச் செருகி மறுபடி வைத்தேன். அப்போதும் எரியவில்லை.

"அக்கா" என்றார் பாய் மெதுவாக. "இந்தத் தகட்டுல கரண்ட்டே வரல."

பிளக்கைப் பிடுங்கினேன். கை கீழே இறங்கியது. அடாப்டர் கல் மாதிரி கனத்தது. திருப்பிப் பார்த்தேன். அடியில், நகப்பாலிஷில், சிவப்பாக ஒரு பூ.

ஜூலை மாதம். சனிக்கிழமைக் கூட்டம். அடாப்டர் தீர்ந்துபோயிருந்தது. பேங்க் ஆபீசர் பர்த்டே இன்றைக்கே என்று நின்றுகொண்டிருந்தார். யாரையும் வெறுங்கையோடு அனுப்பாத மகராசி நான் வீட்டுக்கு ஆள் அனுப்பித் தாரணியின் அடாப்டரை எடுத்துவரச் சொன்னேன். புது லாட் வந்ததும் ஒன்றை எடுத்துப் போய் வீட்டில் மாட்டினேன். மாட்டியதை அன்றைக்கே மறந்தேன். நாற்பத்தொரு செட் விற்றேன், நாற்பது விஷப்பெட்டி பிடித்தேன், மிச்சம் ஒன்று எங்கே என்றால் என் வீட்டில்.

"ஒழுங்கா எடுத்து ஆடு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

வீட்டில் போன் கிடையாது. நீரஜா வீட்டு போனில் கடைக்கு அடித்தேன். என்ன உளறினேனோ, "வீட்டுக்கு ஓடுங்க, ஓடுங்க" என்றது மட்டும் நினைவிருக்கிறது. அப்புறம் ஆட்டோ. அந்த வழி முழுக்க நான் அழவில்லை. அழுதால் அது நடந்துவிட்டது என்று ஆகிவிடும் போலிருந்தது. அடாப்டரை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தேன். நான்கு வீடு தள்ளி வரும்போதே கேட்டது. அந்தக் குட்டி மனுஷன் குழியில் விழும்போது வருகிற சோகப் பாட்டு. நின்றது. மறுபடி வரவில்லை.

வீட்டுக்காரர் எனக்கு முன்னால் வந்து வாசலில் நின்றிருந்தார். மெயினை அப்போதுதான் அணைத்திருந்தார். உள்ளே கையைக் காட்டினார்.

தாரணி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஈரத் தரையில் மணையைப் போட்டு, அதன் மேல், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு. கையில் ஜாய்ஸ்டிக். அதைச் சுற்றி எங்கள் கடை பிளாஸ்டிக் பை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பை, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருந்தது.

"என்னட்டி இது?" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

"அது கடிக்கும்மா" என்றாள். "அதான் நான் தொடுறதே இல்ல. நீ ஆடச் சொன்ன, அதான் சுத்திக்கிட்டேன்."

"கடிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே தாயி? ஏன் சொல்லல?"

அவள் கோபப்படவில்லை. நான் மறந்ததை ஞாபகப்படுத்துகிற மாதிரி பொறுமையாகத்தான் சொன்னாள்.

"சொன்னேனே. ஆகஸ்ட் பதினஞ்சு லீவுல ஒரு தடவை, பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு தடவை. படிக்கச் சொன்னா கை வலிக்கும், விளையாடச் சொன்னா கடிக்குமோன்னு ஏசினியேம்மா."

நாற்பது வீடுகளில் நாற்பது பிள்ளைகளின் முன்னால் உட்கார்ந்து கேட்டேன், கடிச்சுதா கண்ணு, கடிச்சுதா என்று. என் வீட்டில் கேட்கவில்லை. விசாலாக்ஷியின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஐயோ, அவளை என்ன வார்த்தை கேட்டேன்.

பாய் வந்து சேர்ந்ததும் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு மெயினைப் போடச் சொன்னேன். பையைப் பிரித்தேன். தகட்டில் நேற்று நான் வைத்த சந்தனம் காய்ந்து, மேலே குங்குமம் அப்படியே இருந்தது. அதன் நடுவே பாயின் முத்து முத்தான எழுத்தில் அவள் பெயர். டெஸ்டரை வைத்தேன்.

விளக்கு எரிந்தது. நான் டெஸ்டரை எடுக்கவில்லை. பாய் மெயினை அணைக்கும் வரை அது என் பிள்ளையின் பெயரின் மேல் எரிந்துகொண்டே இருந்தது.